வராத நடுத்துண்டு

ஜூன் 2, திங்கள்

எரிக்கிடமிருந்து பதில் வந்துவிட்டது. நான் கண்டுபிடித்தது உண்மையான ஓட்டைதான். உலகத்துச் சர்வர்களில் பாதி எந்த இயங்குதளத்தில் ஓடுகிறதோ, அதன் அடிமடியில், நெட்வொர்க்கைக் கவனிக்கும் பகுதியில், பல வருடமாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. அடுத்தவன் எழுதிய புரோகிராமைத் திருத்தியே வயிறு வளர்த்தவனுக்கு இது கொஞ்சம் தலைக்கு ஏறத்தான் செய்யும். ஏறியது. மனைவி பூங்கொடியிடம் சொல்ல வாயைத் திறந்துவிட்டு, காபி கேட்டு மூடிக்கொண்டேன்.

சொல்லக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். ஓட்டையைக் கண்டவன் பாதுகாப்புக் குழுவுக்கு மட்டும் எழுத வேண்டும். அவர்கள் ஒரு நாள் குறிப்பார்கள். அதற்குள் ஓட்டையை அடைக்கும் பேட்ச் தயாராகி, பெரிய கம்பெனிகள் எல்லாம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, குறித்த நாளில் எல்லோருமாக ஒரே நேரத்தில் கதவைப் பூட்டுவார்கள். அதற்கு முன்னால் மூச்சு விட்டால் தெருவில் போகிற எவனும் எந்த ஆஸ்பத்திரி சர்வரையும் வீட்டில் உட்கார்ந்தபடி முடக்கலாம். எங்களுக்குக் குறித்த நாள் ஜூலை 8. எரிக் என்பவர் அந்தக் குழுவில் எனக்குப் பதில் எழுதுபவர். எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது.

இந்த டைரியிலும் முழுதாக எழுத மாட்டேன். மேலோட்டமாகச் சொன்னால் இதுதான்: நெட்வொர்க்கில் பெரிய பொட்டலம் போகும்போது வழியில் அதைத் துண்டு போடுவார்கள். போய்ச் சேருகிற மெஷின் துண்டுகளைச் சேர்த்து வைத்து, எல்லாம் வந்ததும் ஒட்டும். ஒருவன் வேண்டுமென்றே தலைத்துண்டையும் வால்துண்டையும் மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால்? நடுத்துண்டு இதோ வரும், இதோ வரும் என்று மெஷின் காத்திருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு துண்டுக்கும் பழைய குவியலை முழுக்கக் கிளறும். கிளறுவதிலேயே பொழுது போய்விடும், வேறு வேலை நடக்காது. அனுப்புவதை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் தானாகத் தெளிந்துவிடும். நடந்ததற்குத் தடயமே இருக்காது.

கைவைத்தியம் உண்டு. துண்டுகளைச் சேர்த்து வைக்க ஒதுக்கும் இடத்தைக் குறைத்துவிட்டால் குவியல் பெருகாது. நிரந்தர வைத்தியம் என் பேட்ச். அதைச் சோதிக்கப் பீளமேட்டில் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் மெஷின் ஒன்று வாடகைக்கு எடுத்தேன். மதியம் சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, மூன்று மணிக்கு வீட்டிலிருந்து துண்டுகளை அனுப்பினேன். பேட்ச் போட்ட மெஷின் தாங்க வேண்டும். தாங்கவில்லை, அந்தப் பக்கமிருந்து பதிலே இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகுகாலம். நகைக்கடைக்காரன் கொடுத்த இந்த டைரியில் பக்கத்துக்குப் பக்கம் அதை அச்சடித்து வைத்திருக்கிறான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பூங்கொடிக்கு உண்டு. வீட்டில் எதற்குச் சண்டை என்று நாலரை தாண்டியே அனுப்பினேன். அவள் அப்போது காய் வாங்கப் போயிருந்தாள்.

பதில் இல்லை. பேட்சை மறுபடி பிரித்துப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் தமயந்தி வந்தாள். என் ஒரே தங்கை. கணவனை விட்டு வந்தபிறகு ஆறு மாதம் வாசல்படி தாண்டாமல் கிடந்தவள். இப்போது ஒரு டிரஸ்ட் நடத்தும் இலவச ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் போன் எடுக்கிறாள். கூப்பிடுகிறவர் சொல்லும் முகவரியை இவள் கம்ப்யூட்டரில் போட்டால், பக்கத்தில் நிற்கும் வண்டியின் டிரைவருக்கு அது போய்விடும். மதியத்திலிருந்து இரவு எட்டு வரை ஷிப்ட். அந்த வேலை கிடைத்த பிறகுதான் தனி வீடு பார்த்தாள், மகளைப் பள்ளிக்கூடம் மாற்றினாள், என் முகத்தைப் பார்த்துச் சத்தமாகப் பேசினாள்.

தோசை சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்த வாரம் பூரா எங்க சிஸ்டம் ஹேங் ஆவுதுங்ணா. மத்தியானம் திடீர்னு அப்படியே நிக்கும். பத்து நிமிசங் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதர வந்துரும்."

"சிஸ்டம் பாக்கறவருகிட்டச் சொன்னியா அம்மிணி?"

"ஸ்டீபன்ராஜ் சாரா? லாக்குல ஒண்ணுமே இல்லீங்கறாரு. நாங்க சீட்ட விட்டு எந்திரிச்சுப் போயிட்டு சிஸ்டத்து மேல பழியப் போடறமாமா."

 திடீரென்று நிற்பது, தானாகத் தெளிவது, மெஷின் தானே குறித்து வைக்கும் லாக்கில்கூடத் தடயம் இல்லாமல் போவது. என் ஓட்டையை வேறு எவனோ கண்டுபிடித்துவிட்டான். முதலில் வந்தது பயமா பொறாமையா என்று கேட்டால் பயம் என்றுதான் சொல்வேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றேன். இயங்குதளத்தின் அடிமடியான கெர்னலுக்குள் கை விட்டு வேலை செய்கிறவன் கூடப்பிறந்தவளுக்குச் சொன்ன யோசனை இது.

ஜூன் 8, ஞாயிறு

தண்ணீர் லாரி வந்தது. மிக்ஸி ரிப்பேர். ஐந்து மணிக்குச் சோதனைக்கு உட்கார்ந்து, ஆறு தாண்டித்தான் அனுப்பினேன். தாங்கவில்லை. பேட்சை எத்தனை முறை படித்தாலும் தப்பு தெரியவில்லை, சோதனையில் மட்டும் தோற்கிறது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "உள்ள என்ன முட்டையா வெக்கறீங்?" என்கிறாள் பூங்கொடி.

ஜூன் 11, புதன்

தமயந்தி ஷிப்ட் முடிந்து நேராக இங்கே வந்தாள். சாப்பிட மாட்டேன் என்றுவிட்டாள்.

மூன்று மணி சுமாருக்கு அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டிருக்கிறார். தறி ஓட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்கு வாய் கோணி, ஒரு பக்கம் கை விழுந்துவிட்டதாம். பெயர் காளியண்ணன். இவள் முகவரியைப் பாதி அடிக்கும்போது திரை நின்றது. அந்த அம்மாவை லைனில் அழவிட்டுக்கொண்டு, மீதியைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, தன் செல்போனை எடுத்துத் தெரிந்த டிரைவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறாள். மூன்றாவது ஆள் போயிருக்கிறார். காளியண்ணன் பிழைத்துவிட்டார். வலது பக்கம் வரவில்லை, பேச்சும் வரவில்லை. இன்னும் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம்.

"அந்தம்மா திட்டவே இல்லீங்ணா. வண்டி வந்துருச்சா கண்ணு, வந்துருச்சா கண்ணுன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

கையை விரித்துக் காட்டினாள். கழுவியும் மை போகவில்லை.

அவள் வேலையில் சீட்டில் உட்கார்ந்து சொந்தப் போன் பேசக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. அதை நினைத்துத்தான் அவளுக்குப் பயம். எனக்கு வேறு பயம்.

ஜூன் 12, வியாழன்

எரிக்குக்கு எழுதினேன்: யாரோ இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன், குறித்த நாளை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா? ஒரு வரி பதில்: ஆதாரம் இருக்கிறதா?

தடயமே விடாத ஒன்றுக்கு எங்கே போய் ஆதாரம் தேடுவது? அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எனக்கு ஒரு தங்கை, அவர்களுக்கு உலகத்தில் இருக்கிற கண்ட்ரோல் ரூம் அத்தனையும். வாயில் துணியை வைத்து அடைத்ததுபோல் இருக்கிறது.

மாலையில் தமயந்தியைக் கூப்பிட்டு அந்தக் கைவைத்தியத்துக்கான செட்டிங்கின் பெயரை மட்டும் சொல்லி, அதில் இருக்கும் எண்ணைக் குறைக்கும்படி ஸ்டீபன்ராஜிடம் சொல்லச் சொன்னேன்.

"எதுக்குன்னு கேட்டா என்னங்ணா சொல்றது?"

"எங்கண்ணன் சொன்னாருன்னு சொல்லு."

"எதுக்குன்னு எனக்காவது சொல்லுங்."

"உனக்குப் புரியாது அம்மிணி."

அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவளுக்குப் புரியாதது எதுவும் அதில் இல்லை.

ஜூன் 14, சனி

ஸ்டீபன்ராஜ் முணுமுணுத்துக்கொண்டே எண்ணைக் குறைத்துவிட்டாராம். மூன்று மணிக்கு சிஸ்டம் வழக்கம்போல நின்றிருக்கிறது.

அப்படியானால் அவர்கள் பிரச்சினை என் ஓட்டை இல்லை. வேறு ஏதோ. நிம்மதியாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது. அந்த நிம்மதியில் அரிசிமூட்டையை மாடிக்குத் தூக்கிப் போனேன், முதுகு பிடித்துக்கொண்டது.

என் சோதனையும் வழக்கம்போலத் தோல்வி.

ஜூன் 17, செவ்வாய்

தமயந்திக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். கேமராவில் அவள் செல்போனைக் காதில் வைத்திருப்பது தெளிவாக விழுந்திருக்கிறது. சர்வர் நன்றாக ஓடியதாக லாக் சொல்கிறது. ஆக, ஒரு உயிர் ஊசலாடும்போது அம்மணி சொந்தப் போனில் அரட்டை அடித்தாள் என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஜூலை ஒன்றாம் தேதி விசாரணை. அதுவரை வேலையில் வைத்திருப்பதா வேண்டாமா என்று இரண்டு நாளில் சொல்வார்களாம்.

ஐந்தரை மணிக்கு இடைவேளையில் போன் செய்து இதைச் சொன்னாள். அழவில்லை. அழுதுவிட்டுப் பேசுகிற குரல். நான் ஏதாவது பேச வேண்டுமே என்று, இன்றைக்கும் நின்றதா என்று கேட்டேன்.

"நிக்காமயா? ரூம்ல எல்லாரும் சிரிக்கறாங்ணா. எங்க சிஸ்டம் ராகுகாலம் பாக்குதாமா."

"என்னது?"

"எப்பவும் மூணு மணிக்கு நிக்கறது, செவ்வாக்கெழமையானா மட்டும் நாலரை தாண்டித்தான் நிக்குது. ஞாயித்துக்கெழம ஆறு தாண்டி. எந்த ஊர்லீங்ணா மெஷின் நல்ல நேரம் பாத்துக் கெட்டுப்போகும்?"

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதே நாள்

ஸ்டீபன்ராஜின் சர்வர் எங்கே இருக்கிறது என்று நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

பீளமேட்டில் இருக்கிறது. நான் வாடகைக்கு எடுத்த அதே கம்பெனி. அதே பெரிய மெஷின்.

வாடகை மெஷின் என்பது தனி மெஷின் இல்லை. ஒரு பெரிய மெஷினைத் தடுத்து ரூம் ரூமாக வாடகைக்கு விடுவார்கள். ஒரு ரூம் எனக்கு, ஒரு ரூம் ஆம்புலன்ஸ் டிரஸ்டுக்கு, இன்னொன்றில் ஏதோ ஜவுளிக்கடை. உள்ளே வருவதை எல்லாம் வாசலிலேயே பெரிய மெஷின் ஒட்டிப் பார்த்துத்தான் விடும். அதனால் நான் அனுப்பிய துண்டுகள் என் ரூமுக்கு வந்து சேரவே இல்லை. வாசலில் குவிந்து வீட்டையே நிறுத்தியிருக்கின்றன. ஸ்டீபன்ராஜ் தன் ரூமுக்குள் எண்ணைக் குறைத்து என்ன பயன்? அடைப்பு வாசலில் அல்லவா இருந்தது.

என் பேட்ச் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது. அதில் இல்லாத தப்பைத் தேடித்தான் தினமும் அனுப்பினேன்.

ஹோஸ்டிங் கம்பெனியைக் கூப்பிட்டு, பெரிய மெஷினில் எண்ணைக் குறைக்கச் சொன்னேன். காரணத்தை எழுதிப் புகார் டிக்கெட் போடுங்க சார் என்றான். காரணத்தைத்தான் எழுத முடியாதே. சோதனையை நிறுத்திவிட்டேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது.

அன்னூர்க்காரருக்குக் கை விழுந்தது புதன்கிழமை. புதன் ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை. மூன்று மணி நல்ல நேரம் என்றுதான் அனுப்பினேன்.

ஜூன் 23, திங்கள்

தமயந்தியை வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போனதிலிருந்து சிஸ்டம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்கிறாராம் ஸ்டீபன்ராஜ். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்வேன்.

அனுப்பினால் இன்னொரு காளியண்ணன். நிறுத்தினால் தமயந்தி குற்றவாளி. சொன்னால் ஊரெல்லாம் ஓட்டை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

அவள் வீட்டுக்குப் போனேன். மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. தமயந்தி அடுப்பைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெஜமாலுமே நாந்தான் எதையாச்சும் தப்பாத் தொட்டுட்டனாங்ணா? இல்லாட்டி நான் வெளிய வந்ததுக்கப்பறம் எப்படீங் சரியாகும்?"

டீ ஆறிவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என்னைப்போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை.

ஜூன் 25, புதன்

எரிக்குக்கு உண்மையை எழுதினேன். என் சோதனைதான், என் தங்கைதான், விசாரணை ஒன்றாம் தேதி, ஒரே ஒரு வாரம் முன்னால் வெளியிட முடியுமா என்று. பதில் மரியாதையாக வந்தது. மிகவும் வருந்துகிறோம். இன்னும் பல ஆஸ்பத்திரிகளுக்கு பேட்ச் போய்ச் சேரவில்லை. நாள் மாறாது.

பூங்கொடியிடம் உடைத்துவிட்டேன். எப்படி நின்றது என்பதைச் சொல்லவில்லை. நிறுத்தியவன் நான், எப்படி என்று சொல்ல எட்டாம் தேதி வரை எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அந்த எரிக்கு உங்க கூடப் பொறந்தவருங்களா?"

"அது அப்படி இல்ல பூங்கொடி. எப்படின்னு சொன்னா…"

"எப்படின்னு யாருங் கேட்டா? நாந்தான்னு சொல்றதுக்கு எப்படி எதுக்குங்?"

 இத்தனை நாளாக நான் எரிக்கின் விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

விசாரணையை நடத்தியவர் டிரஸ்டின் தலைவி டாக்டர் லோகநாயகி, ரிடையரான சர்ஜன். எதிரில் ஸ்டீபன்ராஜ், ஒரு கட்டுக் காகிதத்துடன். ஓரத்தில் தமயந்தி. நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: உங்கள் சர்வரை நிறுத்தியது நான். வேறொரு சோதனை செய்தபோது தெரியாமல் நடந்தது. எப்படி என்று எட்டாம் தேதிதான் சொல்ல முடியும்.

நான் முடிப்பதற்குள் தமயந்தி எழுந்துவிட்டாள்.

"மேடம், இவரு என்னையக் காப்பாத்தறதுக்குப் பொய் சொல்றாருங். தயவுபண்ணி எழுதிக்காதீங்க."

ஸ்டீபன்ராஜும் தலையை ஆட்டினார். முதல்முறையாக இரண்டு பேரும் ஒத்துப்போனார்கள்.

லோகநாயகி கண்ணாடியைக் கழற்றினார். "எப்படின்னு சொல்ல வேண்டாம். செஞ்சு காட்டுவீங்களா?"

காட்டலாம் என்றேன். அவரே போனை எடுத்தார். வருகிற அழைப்புகளை எல்லாம் திருப்பூர்க் கிளைக்குத் திருப்பச் சொன்னார். ஹோஸ்டிங் கம்பெனி முதலாளியையும் ஜவுளிக்கடைக்காரரையும் கேட்டுச் சம்மதம் வாங்கினார். பெரிய திரையில் ஆம்புலன்ஸ் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ம், பண்ணுங்க."

விரலைப் பொத்தான்மேல் வைத்தேன். என்னையறியாமல் கண் சுவர்க்கடிகாரத்துக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மூன்றரை. கை நின்றுவிட்டது. ஒரு நொடிதான் இருக்கும்.

நான் கடிகாரத்தைப் பார்த்ததைத் தமயந்தி பார்த்தாள். மற்றவர்களுக்கு இன்னும் ஆதாரம் வேண்டியிருந்தது, அவளுக்கு அது போதும். நின்றுகொண்டிருந்தவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அழுத்தினேன். ஊர்ந்த புள்ளிகள் அப்படியே நின்றன. ஸ்டீபன்ராஜ் லாக்கைத் திறந்து பார்த்தார், ஒன்றும் இல்லை. நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் புள்ளிகள் நகர்ந்தன. பெரிய மெஷினில் எண்ணைக் குறைக்கச் சொல்லிவிட்டு மறுபடி அனுப்பினேன். இந்தமுறை நிற்கவில்லை.

லோகநாயகி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "தமயந்தி, நாளைக்கு டூட்டிக்கு வந்துரும்மா" என்றார். என் பக்கம் திரும்பினார். "நீங்க போகலாம். எங்க வக்கீல் பேசுவாரு. அன்னூருக்கும் ஒருதரம் போயிட்டு வாங்க. அது எங்க வக்கீல் சொல்லமாட்டாரு, நான் சொல்றேன்."

படியிறங்கும்போது தமயந்தி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

ஜூலை 2, புதன்

தமயந்தி போனை எடுக்கவில்லை.

ஜூலை 5, சனி

நடந்ததை எரிக்குக்கு எழுதியிருந்தேன். நாலு பேர் முன்னால் செய்துகாட்டியது விதிக்கு மாறானது, இனி முன்கூட்டித் தகவல் பெறுபவர் பட்டியலில் நான் இல்லை என்று பதில். நியாயம்தான். வக்கீல் நோட்டீசும் வந்தது. அதுவும் நியாயம்.

அன்னூருக்குப் போய்வந்தேன். தறி நின்றிருந்தது. காளியண்ணன் திண்டில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்ததா, தெரியவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன் எடுத்த புள்ள நல்லா இருக்குதுங்களா?" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் அறிவிப்பு வந்துவிட்டது. உலகம் முழுவதும் பேட்ச் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீளமான ஆங்கில அறிவிப்பின் அடியில் கண்டுபிடித்தவர் என்று என் பெயர், ஊர்: அருணகிரி, கோயம்புத்தூர். பூங்கொடி அதைத் திறந்து வைத்துவிட்டுப் பாயசத்துக்குச் சேமியா வறுத்தாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு, டூட்டிக்குப் போகும் வழியில் தமயந்தி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"உங்கண்ணன் பேரு வந்திருக்குது பாரு தமயந்தி" என்று பூங்கொடி லேப்டாப்பை அவளிடம் கொண்டுபோனாள்.

தமயந்தி வாசித்தாள். வார்த்தை வார்த்தையாக, உதடு அசைய. பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"காளியண்ணன் பேரு எங்கீங்ணா போட்டிருக்குது?"

நான் எழுந்து போய் லேப்டாப்பை வாங்கி, மேலிருந்து கீழ்வரை நகர்த்திக் காட்டினேன். இருக்காது என்று எனக்குத் தெரியும். கடைசி வரி வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் அவள் டூட்டிக்குப் போனாள்.